பேச்சுச் சிகிச்சையும் அளவை நெறியும்

பேச்சொலிகள் உடம்பினுள் எங்ஙனம் பிறக்கின்றன என்னும் வினாவைத் தமிழிலக்கணம் மிகப் பழைய காலத்திலேயே எழுப்பி விடையும் கண்டது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களை வகுத்து, ஒவ்வோர் எழுத்தும் அவற்றுள் எவற்றின் தொழிலாற் பிறக்குமென விரித்துரைத்தார். மேனாட்டு ஒலியியலார் கருவிகளின் துணைகொண்டு பிற்காலத்திற் கண்டவற்றுட் பலவற்றை அவர் கூர்ந்த நோக்கொன்றினாலே கண்டமை வியத்தற்குரியது. எனினும், ஒலி பிறக்கும் முறையை அறிதல் வேறு. அது பிறவாது தடைப்பட்டவிடத்து அத்தடையை நீக்கும் வழியை அறிதல் வேறு. முன்னையதற்குக் கூர்ந்த நோக்குப் போதும். பின்னையதற்கு அது போதாது. ஏன் போதாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழந்தை உரிய வயதிற் பேசத் தொடங்காமை, ஒலிகளை மாற்றி ஒலித்தல், திக்குதல், பாரிசவாதத்தால் மூளை தாக்குண்டு முன்பு அறிந்திருந்த மொழியை இழத்தல், ஓட்டிசம் முதலிய நிலைகளிற் பேச்சு அமையாமை ஆகியவற்றை ஆராய்ந்து அவற்றால் வருந்துவோர்க்கு உதவுவது பேச்சு மொழிச் சிகிச்சை எனப்படும். மேனாடுகளில் இஃது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு தனித்துறையாக உருப்பெற்றது. இலங்கையில் இதற்குரிய பயிற்சி களனிப் பல்கலைக்கழகத்தில் 1997ஆம் ஆண்டு தொடங்கிற்று. துறை இளையது, அதனுள் வழங்கும் முறைகளோ பல. ஒவ்வொரு முறைக்கும் அதனை ஆக்கியோர் உளர், அதனாற் பயன்பெற்றதாகக் கூறுவோர் உளர், அதனைப் போற்றி எழுதப்பட்ட நூல்களும் உள.

இவற்றுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பது அறிஞர்களின் வாதத்துக்கு மட்டும் உரிய பொருளன்று. மொழி வளரும் பருவம் ஒருமுறையே வருவது. பயனற்ற முறையொன்றில் ஒரு பிள்ளையின் ஈராண்டு கழியுமாயின், அவ்வீராண்டை அப்பிள்ளைக்கு மீட்டுக் கொடுப்பார் ஒருவரும் இலர். மறுதலையாக, பயனுடைய முறையொன்றைச் சான்றில்லை என்று கூறிக் கைவிடுதலும் அதே அளவு கேடு பயக்கும். ஆகவே, ஏற்றலும் விலக்கலும் தக்க அளவைகொண்டு செய்யற்பாலன.

அளவை மூன்று

சைவ சித்தாந்த நூலோர் பொருளை ஆராயப் புகுமுன், பொருளை அறியும் கருவியாகிய அளவையை ஆராய்ந்துகொள்வர். சிவஞான சித்தியார் அளவையை முற்பட வைத்து ஓதியதும் இக்கருத்துப் பற்றியே. அளவைகள் பலவென்று எண்ணுவாருளராயினும், அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அந்நூலின் துணிபு. காண்டலில் ஐயமும் திரிபும் கலந்துவிடக்கூடும் என்பதையும், கருதலில் ஏதுவைப் போன்று தோன்றி ஏதுவாகாதனவும் உள என்பதையும், உரை கூறுவோன் குற்றமற்றவனாதல் வேண்டும் என்பதையும் நம்முடைய அளவை நூலார் தெளிவாக வகுத்துள்ளனர். இறைவனையும் உயிரையும் ஆராய்தற்கு வகுக்கப்பட்ட இந்நெறி, உலகியற் பொருளாகிய சிகிச்சை முறைகளை ஆராய்தற்கும் பெரிதும் துணைசெய்வதாகும். பேச்சுச் சிகிச்சையின் வரலாற்றில் நேர்ந்த பிழைகளை நோக்குமிடத்து, அவை ஒவ்வொன்றும் இம்மூன்று அளவைகளுள் ஒன்றனைத் தவறாகக் கையாண்டமையால் விளைந்தனவாகவே காணப்படுகின்றன.

உரையை நம்பிய காலம்

கிரேக்க நாட்டுப் பேச்சாளராகிய டெமொஸ்தனிஸ் வாயிற் கூழாங்கற்களை இட்டுப் பேசிப் பழகித் தம் நாவின் குறையை நீக்கிக்கொண்டார் என்னும் கதை கல்லூரி மாணவர் பலரும் அறிந்ததே. அவர் மறைந்து ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளின் பின்னர் வாழ்ந்த புளூட்டார்க்கின் நூல்வழியாகவே அக்கதை பரவிற்று. கேட்போர் எவரும் அதற்குச் சான்று வினவுவதில்லை. பெரியார் ஒருவரின் பெயரோடு சார்ந்து வருவதனாலேயே அது மெய்யென நிலைபெற்றுவிட்டது.

கதையளவில் நின்றுவிட்டதாற் பெருங்கேடில்லை. 1841ஆம் ஆண்டு ஜேர்மனியின் பெர்லின் நகரில் நேர்ந்தது அத்தகையதன்று. அக்காலத்து அறுவை வைத்தியருட் புகழ்மிக்கவராகிய டீபன்பாக் என்பார், திக்குதல் நாவின் தசைகளில் ஏற்படும் இறுக்கத்தினால் விளைவதெனக் கருதி, நாவின் அடிப்பகுதியில் ஆப்புவடிவான ஒரு துண்டை அறுத்து நீக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். மயக்கமருந்து வழக்குக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முந்திய காலம் அது. ஆயினும் அவருடைய பெயரின் வலிமையால் இம்முறையும் இதனையொத்த வேறு அறுவைகளும் பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிலும் விரைந்து பரவின. பின்னர் அதே விரைவிற் கைவிடவும்பட்டன. அறுக்கப்பட்ட நாக்கள் ஒரு புகழ்பெற்ற உரைக்குக் கொடுக்கப்பட்ட விலையாயின.

இருபதாம் நூற்றாண்டில் உரையின் ஆட்சி நுட்பமான வேறொரு வடிவு கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வென்டல் ஜோன்சன் தாமே திக்குதலால் வருந்தியவர். எல்லாப் பிள்ளைகளும் பேசப் பழகுங்காலத்துத் தடுமாறுவர். அவ்வியல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் நோயெனப் பெயரிட்டுக் கவலுறுவதனாலேயே அது மெய்யான திக்குதலாக மாறுகிறது என்பது அவர் கொள்கை. திக்குதல் பிள்ளையின் வாயிலன்றிப் பெற்றோரின் செவியிலேயே தொடங்குகிறது என்பதே அதன் சாரம். இக்கொள்கை பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் விளங்கிற்று. பிள்ளை திக்குவதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவேண்டாம் என்று பெற்றோர் அறிவுறுத்தப்பட்டனர். அதனினும் கொடிதாக, பிள்ளையின் துன்பத்துக்குத் தாமே காரணரோ என்னும் வருத்தத்தை எண்ணிறந்த தாய்மார் சுமந்தனர்.

இக்கொள்கையைச் சோதித்தற்பொருட்டு 1939ஆம் ஆண்டு ஜோன்சனின் வழிகாட்டலில் மேரி ரியூடர் என்னும் மாணவி, ஐயோவா மாநிலத்து அநாதை இல்லமொன்றில் 22 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். இயல்பாகப் பேசிய பிள்ளைகளுட் சிலரிடம் அவர்கள் திக்குகின்றனர் என்று திரும்பத்திரும்பக் கூறப்பட்டது. அப்பிள்ளைகள் பேச அஞ்சி ஒடுங்கினர். எனினும் அவர்களின் பேச்சிலே திக்குதல் தோன்றி வளர்ந்ததென ஆய்வின் தரவுகள் காட்டவில்லை என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். கொள்கைக்கு மாறான சான்று கைக்கு வந்தும் அது நூலாக வெளிவரவில்லை, கொள்கையோ வாழ்ந்தது. 2001ஆம் ஆண்டில் இச்செய்தி பத்திரிகை வாயிலாக வெளிப்பட்டபின் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. 2007ஆம் ஆண்டில் ஐயோவா மாநிலம் 925,000 டொலர் இழப்பீடு வழங்க இசைந்தது. திக்குதலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் சில 2010ஆம் ஆண்டு கண்டறியப்பட்டமை, பழியைப் பெற்றோரின் செவிமீது சுமத்திய கொள்கையின் அடித்தளத்தை மேலும் தளர்த்தியது.

உரையளவைக்கு உரியோன் விருப்பு வெறுப்பினின்று நீங்கியவனாதல் வேண்டும் என்பது நூல்விதி. தாம் ஆக்கிய முறையைப் பற்றித் தாமே கூறுவோர் எத்துணைச் சான்றோராயினும் அவ்விதிக்கு முற்றும் இயைந்தவராகார். அவர்கள் பொய்யர் என்பது இதன் பொருளன்று. அவர்களின் கூற்று மற்றோர் அளவையாற் சோதிக்கப்பட வேண்டியதென்பதே பொருள்.

காட்சியும் திரிபும்

உரையை நம்பாது கண்ணாற் கண்டதையே நம்புவோம் என்பாரும் உளர். அவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய வரலாறொன்று உண்டு.

பேச்சு அமையாத பிள்ளையின் கையையோ முழங்கையையோ மற்றொருவர் தாங்கிக்கொள்ள, பிள்ளை எழுத்துப் பலகையில் அல்லது தட்டச்சுப் பொறியில் எழுத்துக்களைச் சுட்டித் தன் கருத்தை வெளியிடும் முறையொன்று 1970களில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ரோஸ்மேரி குரொஸ்லி என்பவரால் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன் 1990ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதிய கட்டுரையின்பின் அந்நாடெங்கும் அது பரவிற்று. ஒரு சொல்லும் பேசியறியாத ஓட்டிசப் பிள்ளைகள் முழு வாக்கியங்களை எழுதினர், பெற்றோரிடத்துத் தம் அன்பைத் தெரிவித்தனர், கவிதையும் புனைந்தனர். இவையனைத்தும் பலரின் கண்முன்னே நிகழ்ந்தன. பல்லாண்டுகள் பேச்சைக் கேட்கக் காத்திருந்த தாயொருத்தி, தன் மகன் எழுதியதாகக் காட்டப்பட்ட வரியைக் கண்டு ஐயுறுதல் இயலுமோ?

ஐயுறவேண்டிய தேவை விரைவில் எழுந்தது. கைதாங்கப்பட்ட பிள்ளைகள் எழுதியனவாக வெளிவந்த வாசகங்களுட் சில, பெற்றோர்மீது கொடிய பாலியற் குற்றங்களைச் சுமத்தின. குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. எழுதுவது பிள்ளையா, கையைத் தாங்குபவரா என்னும் வினா நீதிமன்றத்தின் வினாவாயிற்று.

1993ஆம் ஆண்டு நியூ யோர்க் மாநிலத்து நிலையமொன்றில் வீலரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு எளிய வழியில் விடை கண்டது. பேச்சமையாத 12 பேரும் அவர்களின் கையைத் தாங்குவோர் 9 பேரும் அதிற் பங்குகொண்டனர். இருவருக்கும் தனித்தனியே படம் காட்டப்பட்டது. ஒருவர் கண்ட படத்தை மற்றவர் காணவியலாது. சிலவேளை இருவருக்கும் ஒரே படம். சிலவேளை வெவ்வேறு படங்கள். சிலவேளை தாங்குவோருக்குப் படமே இல்லை. 180 முறை இச்சோதனை நிகழ்ந்தது. தாங்குவோர் அறியாத படத்தின் பெயர் ஒருமுறையேனும் சரியாக எழுதப்படவில்லை. படங்கள் வேறுபட்டபோது, தாங்குவோர் கண்ட படத்தின் பெயர் எழுதப்பட்டது. அவர்கள் ஏமாற்றுவோர் அல்லர். தம் கையே எழுதுவதை அவர்கள்தாமும் அறியவில்லை. அமெரிக்க உளவியற் கழகம் 1994ஆம் ஆண்டிலும், அந்நாட்டுப் பேச்சு மொழி கேள்வித்துறைக் கழகம் 1995ஆம் ஆண்டிலும் இம்முறைக்கு அறிவியல் ஆதாரமின்மையை அறிவித்தன. 2018ஆம் ஆண்டிற் பின்னைய கழகம் இம்முறையைப் பயன்படுத்தலாகாதென வெளிப்படையாகவே உரைத்தது.

இங்கு இழந்தது மருந்தின் பயனை மட்டுமன்று. பேசவியலாதார் ஒருவர்க்கு எஞ்சியிருந்த சிறு குறிப்பும் அசைவும் புறக்கணிக்கப்பட்டு, பிறருடைய சொற்கள் அவருடைய சொற்களாக அவர்மேல் ஏற்றப்பட்டன. மெய்யான தொடர்பாடலுக்கு அவரைப் பயிற்றியிருக்கக்கூடிய காலமும் கழிந்தது. கண்டதே காட்சி எனக் கொண்டோர், காட்சியோடு திரிபும் கலக்கும் என்னும் நூற்கொள்கையை நினைவிற் கொண்டிருப்பின் இத்தீங்கு பெரிதும் குறைந்திருக்கும்.

ஏதுவும் ஏதுப்போலியும்

காட்சியை விடுத்துக் காரணங்காட்டி நிறுவுதும் என்பார் கூற்றும் சோதனைக்குரியதே. நா வலிமையற்றதாதலின் ஒலி பிழைபடுகிறது. ஆகவே நாவை வலிமைப்படுத்தினால் ஒலி திருந்தும் என்பது கேட்பதற்கு நல்ல நியாயமாகத் தோன்றும். இதன் அடிப்படையில் ஊதுகுழல் ஊதுவித்தல், உறிஞ்சுகுழலால் நீர் பருகுவித்தல், கன்னத்தை உப்பவைத்தல், நாவை மேலும் கீழும் அசைப்பித்தல் முதலிய பயிற்சிகள் வழங்கிவருகின்றன. அமெரிக்காவில் லொவ், வட்சன் என்போர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கெடுப்பில், விடையளித்த சிகிச்சையாளருள் நூற்றுக்கு 85 பேர் பிள்ளைகளின் ஒலிப்பிழைக்கு இத்தகைய பயிற்சிகளைக் கையாள்வதாகக் கூறினர். ஆனால் இப்பயிற்சிகள் பேச்சொலியைத் திருத்துகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2009ஆம் ஆண்டின் முறைசார் மீளாய்வும், 2015ஆம் ஆண்டு கொக்ரேன் நிறுவனம் வெளியிட்ட மீளாய்வும் முடிவுகூறின.

நியாயத்தின் குறை எங்குளது? ஒலிப்பிழை செய்யும் பிள்ளைகளுட் பெரும்பாலாரின் நாவில் வலிமைக்குறைவு இல்லை. அதே நாவால் அவர்கள் உண்கின்றனர், பிற ஒலிகளை ஒலிக்கின்றனர். பேச்சுக்கு வேண்டுவது பெருவலிமையன்று. குறித்த ஒலிக்குரிய நுண்ணிய, விரைந்த இயக்கமே. அவ்வியக்கம் அவ்வொலியை ஒலித்துப் பழகுவதாலேயே அமையும். மிருதங்கம் கற்க விரும்புவோன் கைக்கு வலிமைதரும் வேறு பயிற்சிகளை எத்துணை செய்யினும் அதனால் மிருதங்கம் வாசிக்கக் கற்றவனாகான். ஏதுவைப்போலத் தோன்றி ஏதுவாகாத இதனை ஏதுப்போலி என்பது பொருந்தும்.

விபக்கத்தின் இன்றியமையாமை

அளவை நூலார் கருதலுக்கு எடுத்துக்காட்டுமிடத்து, மலையிற் புகையைக் கண்டு அங்கு நெருப்புண்டெனத் துணிதலைக் கூறுவர். அத்துணிபு வலியுறுதற்கு, நெருப்புள்ள அடுக்களையிற் புகை காணப்படுதல் மட்டும் போதாது. நெருப்பில்லாத மடுவிற் புகை காணப்படாமையும் வேண்டும். முன்னையதைச் சபக்கம் என்றும் பின்னையதை விபக்கம் என்றும் வழங்குவர். சிகிச்சை பெற்ற பிள்ளைகள் முன்னேறினர் என்பது சபக்கம் மட்டுமே. சிகிச்சை பெறாதாரின் நிலை யாது என்பதே விபக்கம். இதனை வினவாது விடுத்தால், காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவே முடியும். மேனாட்டார் கட்டுப்பாட்டுக் குழு என வழங்குவது இவ்விபக்கத்தையே. அவர்கள் மேலும் ஒருபடி சென்று, எவரை எக்குழுவிற் சேர்ப்பது என்பதைச் சிகிச்சையாளரின் விருப்பத்துக்கு விடாமல் எழுமாறாகப் பகிர்வதனால், நலிந்தோர் ஒரு பக்கமும் நலமுற்றோர் மறுபக்கமும் சேர்ந்துவிடாமற் காத்தனர். எழுமாற்றுப் பரிசோதனையின் சிறப்பு இதுவே.

திக்குதலில் விபக்கத்தின் தேவை தெளிவாகத் தெரிகிறது. இல்லினோய்ப் பல்கலைக்கழகத்து யாயிரியும் அம்புறோசும் 84 பிள்ளைகளைத் திக்கல் தொடங்கிய காலத்தையடுத்து ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நோக்கி 1999ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 74 பேர் அதனின்று நீங்கினர். பெரும்பாலும் அந்நீக்கம் இயல்பாகவே நிகழ்ந்ததென அவர்கள் கொண்டனர். ஆகவே, சிறு பிள்ளைகளுக்கு எந்தச் சிகிச்சையை அளிப்பினும், ஒன்றும் அளியாது வேப்பிலையால் விசிறினும், சில ஆண்டுகளில் நால்வருள் மூவர் ஏறத்தாழ நலமடைவர். வெற்றிக் கணக்கு மட்டும் காட்டுவோரின் கூற்று இங்கு எத்துணைப் பொருளற்றது என்பது வெளிப்படை.

இத்தடையை நேரே எதிர்கொண்டது சிட்னி நகரில் உருவான லிட்கொம் முறை. பெற்றோர் நாடோறும் பிள்ளையுடன் உரையாடி, திக்காது பேசியவிடத்துப் பாராட்டியும், திக்கியவிடத்துச் சிலபோது மென்மையாகச் சுட்டியும் வருவது இதன் இயல்பு. 2005ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த பரிசோதனையில் நியூசீலாந்தைச் சேர்ந்த 3 முதல் 6 வயது வரையான 54 பிள்ளைகள் எழுமாறாகப் பகிரப்பட்டனர். ஒன்பது மாதங்களின் பின், இம்முறையைப் பெற்றோர் பேசிய நூறு அசைகளில் சராசரியாக 1.5 அசைகளும், பெறாதோர் பேசியவற்றில் 3.9 அசைகளும் திக்கப்பட்டன. யார் எக்குழுவினர் என அறியாதாரே பதிவுகளைக் கேட்டு எண்ணினர் என்பது குறிப்பிடத்தக்கது. பெறாதோரும் ஓரளவு முன்னேறினர். பெற்றோர் அதனினும் கூடுதலாக முன்னேறினர். அக்கூடுதலே சிகிச்சையின் பயன். இன்னொன்றும் இதனாற் பெறப்படும். திக்குதலைப் பெற்றோர் சுட்டுவதே நோய்க்குக் காரணமென்ற ஜோன்சனின் கொள்கை மெய்யாயின், இப்பிள்ளைகளின் நிலை சீர்கெட்டிருத்தல் வேண்டும். அங்ஙனம் நிகழவில்லை.

ஆயினும் ஆராய்ச்சி இங்கு முற்றுப்பெறவில்லை. நெதர்லாந்தில் 199 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2015ஆம் ஆண்டு வெளியான பரிசோதனை, லிட்கொம் முறையை அதனின் வேறான கொள்கையுடைய மற்றொரு முறையோடு ஒப்பிட்டது. அம்முறை, பிள்ளையின் பேச்சாற்றலுக்கு மிஞ்சிய சுமையைச் சூழலினின்று குறைப்பது. பதினெட்டு மாதங்களின் பின் முன்னதில் நூற்றுக்கு 76.5 பேரும் பின்னதில் 71.4 பேரும் திக்குதலினின்று நீங்கியிருந்தனர். வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. சிகிச்சை பெறாத குழு இவ்வாய்வில் இன்மையால், இரண்டும் ஒத்த பயனுடையன என்பதை அது காட்டினும், ஒவ்வொன்றின் பயன் எவ்வளவு என்பதை அஃதொன்றே காட்டவல்லதன்று. எனினும், முறையொன்றின் பயனுக்கு அம்முறையின் கொள்கை சான்றாகாது என்னும் பாடம் இதனாற் கிடைக்கிறது. முரண்பட்ட கொள்கையுடைய இரண்டும் ஒத்த விளைவைத் தருமாயின், இரண்டுக்கும் பொதுவான ஒன்று, ஒருகால் பெற்றோர் நாடோறும் அமைதியாக அமர்ந்து பிள்ளையோடு உரையாடுதலே, பயன் செய்திருத்தல் கூடும்.

இதனையொத்த பாடத்தைக் கணினிவழிச் சிகிச்சையும் தந்தது. 1996ஆம் ஆண்டில் மேர்செனிச், தலால் முதலிய அறிஞர்கள், விரைந்தொலிக்கும் பேச்சொலிகளை நீட்டியும் உரத்தும் கேட்பிக்கும் கணினி விளையாட்டுக்களால் மொழிக்குறையுள்ள பிள்ளைகள் விரைந்து முன்னேறியதாக அறிவித்தனர். அது வணிகப் பொருளாகவும் பரவிற்று. 2008ஆம் ஆண்டில் கில்லமும் பிறரும் 216 பிள்ளைகளை நான்கு குழுக்களாக எழுமாறாகப் பகிர்ந்து சோதித்தனர். ஒரு குழு அவ்விளையாட்டையும், மற்றொன்று வேறொரு கணினி மொழிப் பயிற்சியையும், மூன்றாவது சிகிச்சையாளரின் நேர்ப் பயிற்சியையும், நான்காவது கணிதம் முதலிய பாடங்கள் சார்ந்த பொதுக் கணினி விளையாட்டுக்களையும் பெற்றன. நான்கும் ஏறத்தாழ ஒத்த அளவில் முன்னேறின. நான்காவது குழு இல்லாதிருப்பின் மற்றை மூன்றும் தத்தம் முறையின் வெற்றியையே பறைசாற்றியிருக்கும்.

பயனில்லை என்னும் கூற்றும் ஆராயத்தக்கதே

இதுகாறும் கூறியவற்றால், பரிசோதனை பயனில்லை என்று காட்டியதும் முறையைத் தள்ளிவிடலாம் என்னும் துணிவு எழக்கூடும். அதுவும் பிழையே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூன்றரை வயதுக்குட்பட்ட 159 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்த பரிசோதனையில், சிகிச்சை பெற்றோருக்கும் காத்திருந்தோருக்குமிடையே ஓராண்டின் பின் கேட்டுணரும் திறனிலன்றி வேறெதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனைக் கண்டு பேச்சுச் சிகிச்சை வீண் என்றாரும் உளர். ஆனால் அவ்வோராண்டில் ஒரு பிள்ளை பெற்ற சிகிச்சை சராசரியாக ஏறத்தாழ 6 மணிநேரமே. ஓராண்டில் ஆறு மணிநேரம் இலத்தீன் கற்ற மாணவன் அதிற் சித்தியெய்தாமை கண்டு இலத்தீனைக் கற்பிக்கவே இயலாதென்பார் உளரோ? அப்பரிசோதனை காட்டியது சிகிச்சையின் பயனின்மையையன்று. போதாத அளவின் பயனின்மையையே. மேலும், ஓராண்டின் முடிவிலும் எல்லாப் பிள்ளைகளுள்ளும் நூற்றுக்கு 70 பேர் குறையுடையவராகவே இருந்தனர் என அவ்வாய்வே கூறியமை, காத்திருத்தலும் தீங்கற்ற வழியன்று என்பதை உணர்த்தும்.

பாரிசவாதத்தால் மொழியிழந்தோர் பற்றிய ஆராய்ச்சி இதனை மேலும் தெளிவாக்கும். 1984ஆம் ஆண்டு லான்செற் இதழில் லிங்கனும் பிறரும் வெளியிட்ட பெரிய பரிசோதனை, சிகிச்சை பெற்றோர்க்கும் பெறாதார்க்கும் வேறுபாடில்லை என்றது. அங்கும் பலர் வகுக்கப்பட்ட அளவு சிகிச்சையைப் பெற்றிலர். 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 170 பேரைக் கொண்டு நடந்த மற்றொன்று, பாரிசவாதம் கண்ட முதன் மாதங்களில் சிகிச்சையாளரின் உதவி பெற்றோரையும், சிகிச்சைப் பயிற்சியில்லாத வருகையாளரோடு உரையாடியோரையும் ஒப்பிட்டு, ஆறாம் மாதத்தில் வேறுபாடு காணவில்லை. 2016ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு 57 பரிசோதனைகளையும் அவற்றிற் பங்குகொண்ட 3,002 பேரையும் ஒருங்கே நோக்கி, சிகிச்சையால் மொழிப்பயன்பாட்டில் நன்மையுண்டு எனவும், செறிவுமிக்க சிகிச்சை கூடுதற் பயன் தரலாம், ஆயின் அதனை இடையிற் கைவிடுவோரும் மிகுதி எனவும் கூறிற்று. 2017ஆம் ஆண்டு ஜேர்மனியில் 158 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனையில், நோய் கண்டு ஆறு மாதங்களுக்கு மேற்பட்டோர் மூன்று வாரம், வாரத்துக்குக் குறைந்தது 10 மணிநேரம் சிகிச்சை பெற்றனர். அம்மூன்று வாரமும் காத்திருந்தோரினும் இவர்கள் வாய்மொழித் தொடர்பாடலிற் சிறந்தனர். ஆறு மாதத்தின்பின் முன்னேற்றமே இல்லை எனக் குடும்பத்தாரைக் கைவிரிக்கச் செய்த பழைய நம்பிக்கை இதனால் வீழ்ந்தது.

மொழி வேறுபாடு

இச்சான்றுகள் பெரும்பாலும் ஆங்கிலம் முதலிய மேனாட்டு மொழிகளைப் பேசுவோரிடத்துப் பெறப்பட்டவை என்பதை மறத்தலாகாது. திக்கும் அசைகளைக் குறைத்தல் போன்றவை மொழியெல்லை கடந்து ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஆங்கிலப் பிள்ளைக்கு இறந்தகால விகுதியைப் பயிற்றிய முறை, வினைப்பகுதியோடு இடைநிலையும் பால் காட்டும் விகுதியும் தொடர்ந்து நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வாறே பொருந்துமெனக் கொள்ளுதற்குச் சான்றில்லை. ழகர, ளகர, லகரங்களையும், ணகர, நகர, னகரங்களையும் எவ்வயதில் எப்பிள்ளை தெளிவாக ஒலிக்கும் என்பதை ஆங்கில அட்டவணை கூறமாட்டாது. யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கும் மட்டக்களப்புப் பேச்சுக்கும் மலையகத்துப் பேச்சுக்கும் இடையே உள்ள இயல்பான வேறுபாட்டைப் பிழையெனக் கொள்ளும் இடரும் உண்டு. இவற்றுக்கு மொழிபெயர்ப்பு விடையாகாது. தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சைத் தொகுத்து ஆராய்தலே விடையாகும்.

முடிவுரை

சிகிச்சையாளரின் பட்டறிவுக்கு இடமே இல்லை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. லிட்கொம் முறையும் சிகிச்சை அறையின் பட்டறிவினின்றே எழுந்தது. சான்றுசார் மருத்துவத்தை வரையறுத்த சக்கெற் முதலியோர் 1996ஆம் ஆண்டில், ஆராய்ச்சிச் சான்று, சிகிச்சையாளரின் தேர்ச்சி, நோயாளரின் விருப்பம் ஆகியவற்றை ஒன்றிணைத்தே முடிவுசெய்தல் வேண்டும் என்றனர். பட்டறிவு புதுமுறையை ஈனும். ஆயின் தான் ஈன்றதைத் தானே நடுநின்று தீர்ப்பிட அதனால் இயலாது. தோல்வியுறும் வாய்ப்பு அளிக்கப்பட்டும் தோல்வியுறாத முறையே சான்றுடைய முறையாகும். கைதாங்கும் முறைக்கு அவ்வாய்ப்பு 1993ஆம் ஆண்டிலன்றிப் பல்லாண்டு முன்னரே அளிக்கப்பட்டிருப்பின் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

பிள்ளையின் பேச்சுப் பற்றிய கவலையோடு பெற்றோர் முதலில் நாடுவது பெரும்பாலும் ஆசிரியரையே. அவர் சிகிச்சையாளராதல் வேண்டியதில்லை. எனினும் மூன்று வினாக்களை அவர் எழுப்பல் கூடும். இம்முறையைப் பெறாத பிள்ளைகளின் நிலை யாது? முன்னேற்றத்தை அளந்தவர் யார், எப்பிள்ளை சிகிச்சை பெற்றது என்பதை அவர் அறிந்திருந்தாரா? பயன் கண்ட ஆய்வில் அளிக்கப்பட்ட அளவும் இப்பிள்ளைக்கு அளிக்கப்படும் அளவும் ஒன்றா? நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் முறையே நாடவேண்டுமென வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்தார். இவ்வினாக்கள் அம்முறையின் இறுதிப் படியைச் சார்ந்தவை. இவற்றுக்குத் தக்க விடை கூறும் சிகிச்சையாளரிடம் பிள்ளையைத் தயங்காது அனுப்பலாம். அனுப்பியபின் அங்குச் செய்வதை வீட்டிலும் வகுப்பறையிலும் நாடோறும் தொடர்தலே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.